போகிக்குக் காத்திராமல் புரட்டாசியிலேயே பரணில் ஏறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் நெருங்கும்போது வீட்டை ஒழிப்பது பற்றிய குறிப்புகள் எல்லா நாளிதழ்களிலும் வரும். நல்ல குறிப்புகள்தான்; வரும் நேரம்தான் தப்பு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. பரணிலும் பீரோவிலும் அடைத்து வைத்ததெல்லாம் அந்த மூன்று மாத ஈரத்தைக் குடித்து முடித்த பிறகு, மார்கழிக் கடைசியில் கதவைத் திறந்தால் பட்டில் புள்ளி, புத்தகத்தில் பூச்சி, அட்டைப் பெட்டிக்கு அடியில் கரையான். கையில் இருப்பதோ ஓரிரு நாள். அந்த அவசரத்தில்தான் கொடுக்கக்கூடியதும் விற்கக்கூடியதும் சேர்ந்து வாசலில் எரிகிறது. 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆவணியின் பிற்பாதியும் புரட்டாசியின் முற்பாதியும்தான் வீடு ஒழிக்கத் தோதான காலம். கொலு வைக்கும் வீடுகளில் பொம்மைப் பெட்டிக்காக எப்படியும் பரணில் ஏறியாக வேண்டும். கொலு இல்லாத வீட்டிலும் ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைப்பது உண்டு. வெயில் இன்னும் மிச்சமிருக்கிறது. காலையில் துவைத்ததும் கழுவியதும் மாலைக்குள் காய்ந்துவிடும். வேண்டாதது வெளியேற மழைக்கு முன் சில வாரங்கள் கிடைக்கும். இந்தக் கடிதம் போகிக் குறிப்புகளுக்குப் பதிலாக அல்ல, அவற்றை முன்கூட்டி வெளியிடுங்கள் என்று கேட்கவே.

வேலையைத் தொடங்கும் முன் பிளாஸ்டிக் டப்பாவும் அடுக்கும் வாங்கி வராதீர்கள். வீட்டை ஒழிக்கப் போகிறோம் என்றதும் பெரும்பாலானோர் செய்யும் முதல் செலவு அதுதான். எது மிஞ்சும், எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் வாங்கிய டப்பாவுக்குள் வேண்டாததையே அழகாக அடுக்கி வைப்பதில் அது முடிகிறது. பழைய சாக்கு நான்கு, ஒரு மார்க்கர் பேனா, அகலமான ஒட்டு டேப், விரிக்க ஒரு தார்ப்பாய் அல்லது கிழிந்த போர்வை, ஈரத்துணி, முகக்கவசம். தொடங்க இவ்வளவு போதும்.

பரணிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. அறையை முதலில் ஒழித்தால் அங்கே மிஞ்சியது பரணுக்குப் போகும். பரண் ஏற்கெனவே நிறைந்திருந்தால் கட்டிலுக்கு அடியில் போகும். மேலே இடம் காலியானால்தான் கீழே இருப்பதற்கு உண்மையான முடிவு எடுக்க முடியும். நம் வீடுகளில் பரண் பெரும்பாலும் கதவு, ஜன்னலின் லிண்டல் மட்டத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் ஏழு அடி உயரத்தில் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறுவது விழுவதற்கான வழி. இரண்டு பக்கமும் கால் விரியும் ஏணி வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. மேலே உட்கார்ந்துகொண்டே பிரிக்கக் கூடாது என்பது முக்கியம். இருட்டிலும் தூசியிலும் குனிந்துகொண்டு எடுக்கும் முடிவு எப்போதும் "இருக்கட்டும், வை" என்பதாகத்தான் இருக்கும். முழுவதையும் இறக்கி வெளிச்சத்தில் பரப்பிய பிறகே பிரிக்க வேண்டும். ஒரே நாளில் முழு வீட்டுப் பரணையும் இறக்காதீர்கள். ஓர் அறையின் பரண் ஒரு நாளுக்குச் சரி. சாயங்காலத்துக்குள் தரை காலியாகாவிட்டால் மறுநாள் எல்லாம் பிரிக்கப்படாமலே மேலே ஏறிவிடும்.

காலியான பரணைத் துடைப்பத்தால் பெருக்கத் தொடங்கினால் தூசி வீடெங்கும் பறக்கும். ஈரத்துணியால் உள்ளிருந்து வெளியே இழுத்துத் துடைக்க வேண்டும். எலிப்புழுக்கை கிடந்தால் அதைக் காய்ந்த நிலையில் கிளறவே கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியாலேயே வழித்தெடுத்து அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டிப் போட வேண்டும். சுவரும் பரண் பலகையும் சேரும் மூலையில் மண் பூசியதுபோல் கோடு தெரிந்தால் அது கரையான் பாதை. அதைத் தட்டிவிட்டால் ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். புற்று வேறு எங்கோ இருக்கும், மருந்தடிப்பவரைக் கூப்பிடும் வரை அந்த மூலையில் மரமோ காகிதமோ வைக்காமல் இருப்பதுதான் செய்யக்கூடியது. காங்கிரீட் பரணின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் பாரத்தை உடனே இறக்கிவிட்டு, பொறியாளர் பார்க்கும் வரை காலியாகவே விடுங்கள். ஆட்டுக்கல், உரல், அம்மி எதுவும் எந்தப் பரணிலும் ஏறக் கூடாது.

இறக்கியதைப் பிரிக்க நான்கு சாக்கு: வைக்க, கொடுக்க, விற்க, குப்பைக்கு. "தெரியவில்லை" என்று ஐந்தாவதாக ஒரே ஒரு பெட்டியை அனுமதிக்கலாம். அதன் மேல் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த நவராத்திரி வரை யாரும் அதைத் திறக்கவில்லை என்றால் முடிவு தானாகவே தெரிந்துவிடும். பழைய புகைப்பட ஆல்பம் கையில் கிடைத்தால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். ஆல்பங்களைப் பிரிக்காமல் ஒதுக்கி, கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரணில் அதிக இடம் பிடிப்பவை பாத்திரங்கள். சீர்வரிசையாக வந்த எவர்சில்வர் சாமான், பெயர் வெட்டிய குடம், ஒரு விசேஷத்துக்குக்கூட இறங்காத அண்டா, தவலை. எவர்சில்வரை எடைக்குப் போட்டால் கிடைப்பது குறைவு. பித்தளைக்கும் செம்புக்கும் கிடைப்பது பல மடங்கு. ஆகவே எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டு மொத்த விலை பேசாதீர்கள். பித்தளை, செம்பு, வெண்கலம், அலுமினியம், எவர்சில்வர், இரும்பு எனத் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றும் தனியாகத் தராசில் ஏறுவதைப் பாருங்கள். குத்துவிளக்கு, வெண்கலப் பானை, உருளி போன்றவற்றைப் பழைய உலோக விலைக்கு விட்டால் பின்னால் அதே எடையில் புதிதாக வாங்க முடியாது. வைத்துக்கொள்வதானால் பயன்பாட்டுக்கு இறக்குங்கள். பித்தளைப் பாத்திரத்தில் ஈயப் பூச்சு தேய்ந்திருந்தால் அதில் புளி சேர்ந்த எதையும் சமைக்கக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்துச் சாப்பாட்டில் சேர்த்துவிடும். ஈயம் பூச ஆள் கிடைத்தால் சமையலுக்கு. இல்லாவிட்டால் தண்ணீர்த் தொட்டியாகவோ செடித் தொட்டியாகவோ.

எந்தப் பாத்திரமும் எந்தப் பையும் வீட்டை விட்டுப் போகும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். புடவை மடிப்பு, அரிசி டப்பா, பழைய கைப்பை, புத்தகத்தின் நடுப்பக்கம் ஆகிய நான்கும் நம் பெரியவர்களின் வங்கிகள். 2016-இல் செல்லாமல் போன ஐநூறும் ஆயிரமும் கிடைத்தால் அவற்றைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதத்துக்குரியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கொலு பொம்மைகளைத் திரும்பக் கட்டும்போதுதான் அடுத்த ஆண்டின் சேதம் தீர்மானமாகிறது. களிமண் பொம்மை உடைவது பெரும்பாலும் மூக்கிலும் விரலிலும்; பேப்பர் கூழ் பொம்மை உடையாது, ஆனால் ஈரம் பட்டால் உப்பும், பூச்சி அரிக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். மென்மையான பழைய வேட்டித் துணியை முதலில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாளைக் கசக்கிச் சுற்ற வேண்டும். செய்தித்தாள் நேராகப் பட்டால் அச்சு மை வெளிர்நிற முகத்தில் ஒட்டும். கனமான பொம்மை அடியில், தலை மேலாக, நிற்க வைத்தே. செட் பொம்மைகளுக்குப் பெட்டியில் ஒரு எண், பொம்மை அடியில் அதே எண். பெட்டி நிறைந்த பின் ஓர் ஆள் ஏணியில் நின்றபடி ஒற்றைக் கையால் இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு கிலோவைத் தாண்டிய பெட்டி அடுத்த ஆண்டு யார் தலையிலாவது விழும்.

பரணில் திரும்ப ஏற்றுவதற்கு அட்டைப் பெட்டி வேண்டவே வேண்டாம். டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி என்று உத்தரவாத காலம் முடிந்த பிறகும் வைத்திருப்பவை கரையானுக்குத் தீனி. அதன் நெளிந்த மடிப்புகள் கரப்பான் முட்டையிட ஏற்ற இடம். பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் அதுதான் சிறந்தது. இல்லாவிட்டால் இப்போது, எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்த பிறகு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்கலாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் கோடை வெப்பம் அதிகம். அங்கே ரப்பர் சாமான், ஸ்பீக்கர், பேட்டரி, மெழுகு எதுவும் தங்காது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று மேல்மூடியில் எழுதுவதால் பயனில்லை, கீழே நிற்பவருக்கு அது தெரியாது. வெளியே பார்க்கும் பக்கத்தில் எழுதுங்கள். எல்லாப் பெட்டிகளின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினால் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்காகப் பரண் முழுவதையும் கலைக்க வேண்டியிருக்காது.

அடுத்து பீரோ. இரும்பு பீரோ வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தால் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். மழையில் சுவர் ஈரம் இழுக்கும்போது பீரோவின் பின்தகடு குளிர்ந்து உள்ளே வியர்க்கும். பட்டுப் புடவையைக் கடை கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே வைப்பதுதான் பொதுவாக நடக்கும் பெரிய தப்பு. ஈரம் உள்ளேயே சிக்கி ஜரிகை கறுக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே கிழியும். நாப்தலின் உருண்டையைப் புடவை மேல் நேராகப் போடாதீர்கள். கைக்குழந்தை துணி இருக்கும் தட்டில் அது இருக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அதன் வாசமேகூட ரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடக்கூடும். காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ சிறு துணி முடிச்சாகக் கட்டி மூலையில் வைப்பது நம் வழக்கம். இலை நன்கு காய்ந்திருக்க வேண்டும், ஈர இலை பூஞ்சையைத்தான் கொண்டுவரும்.

கட்டவே முடியாத அளவு நைந்த காஞ்சிப் பட்டைக் குப்பையில் போடும் முன் ஜரிகையைப் பாருங்கள். ஒரு இழையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அது வெள்ளித் தகடு சுற்றிய அசல் ஜரிகை. பழைய ஜரிகை வாங்குவோர் அதற்கு வெள்ளி எடைக் கணக்கில் விலை வைப்பார்கள். செம்புக் கம்பியாகத் தெரிந்தாலோ பிளாஸ்டிக் போலச் சுருண்டாலோ அதற்கு மதிப்பில்லை. தெருவோடு வருபவரிடம் மொத்தமாகக் கொடுக்காமல், வெள்ளிக் கடையில் ஒருமுறை காட்டிவிட்டு விலை பேசுவது நல்லது.

மற்ற துணிகளில் முடிவு எளிது. ஓராண்டாக உடுத்தாததை எடுத்து வையுங்கள். கொடுப்பதானால் துவைத்து, பித்தான் தைத்து, அளவு எழுதி. கிழிசலையும் உள்ளாடையையும் "தர்மம்" என்று மூட்டை கட்டி அனுப்புவது வாங்குபவருக்குக் குப்பை வேலை வைப்பது. 2015 வெள்ளத்தின்போது சென்னையில் நிவாரணத்துக்கு வந்த பழைய துணிகள் பல அப்படித்தான் கிடந்தன. பழைய பருத்தி வேட்டியும் புடவையும் வீட்டுக்குள்ளேயே உறையாக, கால்மிதியாக, பொம்மை சுற்றும் துணியாகப் போகும். பாலியெஸ்டருக்கு அந்தப் பயன் இல்லை, தண்ணீரை உறிஞ்சாது. எரித்தால் உருகி நெடி அடிக்கும்.

இந்தக் கடிதத்தில் அதிக இடம் கொடுக்க வேண்டியது காகிதங்களுக்கு. ஏனென்றால் பாத்திரத்தை இழந்தால் பணம்தான் போகும். தாளை இழந்தால் ஆறு மாதம் அலைய வேண்டும். எல்லாத் தாள்களையும் ஒரு இடத்தில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். எப்போதும் வைக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், பிறப்பு, இறப்பு, திருமண, வாரிசுச் சான்றுகள், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஓய்வூதிய ஆணை. காலம் முடியும் வரை வைக்க வேண்டியவை: காப்பீட்டுப் பத்திரம், உத்தரவாத அட்டை, கடன் தாள், நகைக்கடன் ரசீது, வருமான வரித் தாள்கள். ஆடிட்டர்கள் பொதுவாக எட்டு ஆண்டு வரை வைத்திருக்கச் சொல்வார்கள். மூன்றாவது வகையில் பழைய மின் கட்டண ரசீது, காலாவதியான வாகனக் காப்பீடு, பேருந்து டிக்கெட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் போகலாம். வீட்டு வரி ரசீதை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். வீட்டை விற்கும்போது கேட்பார்கள்.

பட்டாவும் வில்லங்கச் சான்றும் இன்று இணையத்தில் எடுக்கலாம். அசல் பத்திரம் அப்படியல்ல. தொலைந்தால் காவல் நிலையத்தில் "காணவில்லை" சான்று, நாளிதழில் விளம்பரம், பதிவுத் துறையில் சான்றிட்ட நகல் என்று இறங்க வேண்டும். உங்கள் விளம்பரப் பக்கத்தில் வாரந்தோறும் வரும் அந்தச் சிறு கட்டங்களில் எத்தனை பேர் வீட்டு மூட்டையோடு பத்திரத்தையும் தவறவிட்டார்களோ. பத்திரத்தையும் மதிப்பெண் பட்டியலையும் லேமினேட் செய்யாதீர்கள்: சூட்டில் ஒட்டிய பிசின் திரும்ப வராது, முத்திரையைத் தொட்டுச் சரிபார்க்க முடியாது, வெளிநாட்டுச் சான்றொப்பத்துக்கு உறையைக் கிழித்தால் தாளும் சேர்ந்து கிழியும். காற்றுப் போகும் அளவு லேசாகத் திறந்த காகித உறை போதும். கடையில் கொடுக்கும் வழவழப்பான பில் வெப்பத்தால் அச்சாகும் தாள். ஓராண்டுக்குள் வெளுத்துப் போகும். உத்தரவாதத்துக்காக வைப்பதானால் நகல் எடுத்து அதோடு குத்தி வையுங்கள்.

வீட்டுக் கடன் முடிந்த வங்கிக் கடிதம் கையில் கிடைத்தால் இன்னொன்றையும் சரிபாருங்கள். பத்திரத்தை ஒப்படைத்ததாகப் பதிவான அடமானம், அதற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாத வரை வில்லங்கத்தில் நீடிக்கும். பழைய பாஸ்புக்கும் அப்படித்தான். பத்து ஆண்டாகத் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போயிருக்கும். ஆனால் கணக்குதாரரோ வாரிசோ அந்த வங்கியிலேயே கேட்டுப் பெறலாம். 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். வீடு ஒழிக்கும் வேலைக்குக் கூலி கிடைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

அழிக்க வேண்டிய தாள்களை அப்படியே பழைய பேப்பர் கட்டில் சேர்க்காதீர்கள். ஆதார் நகலும் வங்கிக் கணக்கு அறிக்கையும் பஜ்ஜி சுற்றிய காகிதமாகத் தெருவில் வருவதைப் பார்த்தவர்கள் உண்டு. எண் இருக்கும் பகுதியைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தால் போதும். இந்தத் தாள்களும் பத்திரக் கோப்பும் பீரோவின் அடித்தட்டில் இருக்கக் கூடாது. வெள்ளம் வந்த தெருக்களில் முதலில் நனைந்தது அடித்தட்டுதான். இடுப்புக்கு மேலான தட்டில், மூடியை இறுக்கிப் பூட்டும் டப்பாவில் வையுங்கள்.

புத்தகங்களில் பள்ளிப் பாடநூல்களைச் சற்று நின்று பாருங்கள். 2018-க்குப் பின் பாடத்திட்டம் மாறியதால் அதற்கு முந்திய பள்ளிப் புத்தகம் இன்றைய மாணவருக்கு உதவாது. ஆனால் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பழைய புத்தகங்களையும் தேடுகிறார்கள். உள்ளூர் நூலகத்திலோ பயிற்சி வகுப்பிலோ கேளுங்கள். வெற்றுப் பக்கம் மிஞ்சிய நோட்டுகளைப் பிய்த்துத் தைத்தால் கணக்கு நோட்டாகும். ராமபாணப் பூச்சி பிடித்த புத்தகத்தை மற்றவற்றோடு அடுக்காதீர்கள். வெயிலில் காட்டி, பக்கம் பக்கமாகத் தட்டி, ஒரு மாதம் தனியே வைத்துவிட்டுச் சேருங்கள். செய்தித்தாள் கட்டை விற்கும்போது தமிழ்த் தாளைவிட ஆங்கிலத் தாளுக்குக் கிலோவுக்குக் கூடுதலாகத் தருவார்கள், பிரித்து வையுங்கள். ஆசிரியர் வருந்தாமல் இருப்பாராக.

சமையலறைக்குப் பாதி நாள் போதும். எல்லா டப்பாவையும் மூடியையும் தரையில் பரப்பிப் பொருத்துங்கள். ஜோடி இல்லாதது அன்றே போகட்டும். துவரம் பருப்பிலும் ரவையிலும் வண்டு ஓயாமல் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டப்பா அடியில் பழசு இருக்கும்போதே மேலே புதுசு கொட்டுவது. பழசை முதலில் வெளியே எடுத்து, டப்பாவைக் கழுவி, முழுதும் காயவிட்டு, புதுசைப் போட்டு மேலே பழசு. ரவையை வறுத்து ஆறவைத்து வைத்தால் நிற்கும். சிறு அளவு மாவு, முந்திரியை ஃப்ரிட்ஜின் உறைபதன அறையில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் சாகும். அலமாரியில் சேர்ந்திருக்கும் பழைய குக்கர் காஸ்கெட்டுகள், சேஃப்டி வால்வுகளை எதற்கும் வைக்காதீர்கள், பொருந்தாத காஸ்கெட் ஆவி கசியவிடும். கேஸ் அடுப்பின் ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். ஐந்தாண்டுதான் அதன் ஆயுள். பழைய பச்சை ரப்பர் குழாய் எங்காவது சுருட்டி வைத்திருந்தால் "எதற்காவது ஆகும்" என்று எண்ணாதீர்கள்.

மருந்துப் பெட்டி. மாத்திரைப் பட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இல்லாத முனையிலிருந்து எடுங்கள், கடைசி மாத்திரை வரை தேதி தெரியும். தண்ணீர் கலந்த ஆன்டிபயாட்டிக் சிரப் பெரும்பாலும் ஒரு வாரம், திறந்த கண் சொட்டு ஒரு மாதம். பிறகு போக வேண்டியதுதான். இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, "ஊசி" என்று எழுதிக் கொடுங்கள். குப்பை பிரிப்பவர் கையைக் காக்க அந்த ஒரு சொல் போதும். பழைய பாதரச வெப்பமானி, டியூப் லைட், சிஎஃப்எல், பூச்சி மருந்து, மிச்சப் பெயின்ட் எல்லாம் வீட்டு அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே இவற்றைத் தனியாகக் கொடுக்கச் சொல்லிவிட்டன. உப்பிய மொபைல் பேட்டரியைக் குத்தாமல், அழுத்தாமல், துணிக்கு அருகில் வைக்காமல் மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் சேருங்கள். பழைய போனைக் கொடுக்கும் முன் கணக்கிலிருந்து வெளியேறி முழுதும் அழித்துவிடுங்கள்.

பூஜை அலமாரிதான் பலருக்கும் கை நடுங்கும் இடம். கண்ணாடி உடைந்த சாமி படத்தை இரவோடு இரவாக அரச மரத்தடியில் சாய்த்துவிட்டு வந்தால் நம் வீட்டுக் கழிவு கோயில் துப்புரவுப் பணியாளரின் கழிவாகிறது. சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றி எடைக்குப் போடலாம். காகிதப் படத்தை வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டால் கூழாகும். அதை யார் காலும் படாத செடி மூட்டில் கொட்டினால் பெரியவர்களும் ஏற்பார்கள். லேமினேட் செய்த படத்துக்கு இந்த வழி கிடையாது, ஆகவே புதிதாக வாங்கும்போது அதைத் தவிர்ப்பது பின்னால் உதவும். செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்க மாட்டோம் என்ற வழக்கமுள்ள வீடுகளில் காயலான் கடைக்காரரை வேறு கிழமை வரச் சொல்லுங்கள். பிரிக்கும் வேலைக்கு அந்த நாள்களை வைத்துக்கொண்டால் வழக்கமும் கெடாது, வேலையும் நிற்காது.

அடுத்தவர் பொருளை அவர் இல்லாதபோது ஒழிக்காதீர்கள். மாமியாரின் பழைய டிபன் கேரியரை மருமகள் எடைக்குப் போட்ட சண்டை பத்து ஆண்டுக்கும் ஓயாது. வயதானவர் அறைக்கு நீங்கள் பட்டியல் எழுதிக் கொடுங்கள், கையை அவர் வைக்கட்டும். ஒரு தட்டு, அரை மணி நேரம், பிறகு காபி.

இறுதியாக நகராட்சிகளுக்கு ஒரு கோரிக்கை. அதை உங்கள் இதழ் எடுத்துச் சொன்னால் பலிக்கும். சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் போகிக்கு முன் பழைய துணி, டயர், பிளாஸ்டிக் போன்றவற்றைத் தனியாக வாங்கிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அதற்குள் பாதிப் பொருள் மழையில் கெட்டுப்போய் எரிப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாமல் ஆகியிருக்கும். அதே வசூலை ஆவணிக் கடைசி வாரத்திலும் புரட்டாசி முதல் இரண்டு வாரங்களிலும் வார்டுதோறும் ஒரு நாள் வைக்க வேண்டும். மெத்தை, பழைய மர அலமாரி, சோபா போன்ற பெரிய சாமான்களுக்கும் டியூப் லைட், பெயின்ட், பேட்டரிக்கும் தனித்தனி வண்டி வேண்டும். இப்போது மெத்தையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால்தான் அது மழைநீர் வடிகால் ஓரத்தில் கிடக்கிறது. வண்டி எந்தத் தெருவுக்கு எந்த நாள் வரும் என்ற அட்டவணையை ஒரு வாரம் முன்னதாக உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் வெளியிட்டால் வாசகர்கள் அதை வெட்டி பீரோக் கதவில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
மேற்கு மாம்பலம், சென்னை.